சேகோ களத்தில் ஒரு சைக்கிள்

போன மாதம் சேலத்திலிருந்து நாமக்கல் வரும் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். எங்களுக்கு முன்னால் கோழிப்பண்ணை வேலைக்குப் போகும் வடநாட்டுப் பையன்கள் சிலர், ஒரே செல்போனுக்குள் தலைகளைக் குவித்து எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என் பக்கம் சாய்ந்து, "எங்க பாத்தாலும் இவிங்கதானுங்க. நம்மூரு நம்மூராவே இல்லீங்க. நீங்களே சொல்லுங்க, நம்ம பக்கத்து ஆளுக்கு இனி இங்க என்னங்க இருக்குது?" என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நம்ம பக்கத்து ஆள் என்று அவர் சொன்னது என்னைத்தான்.

அது ஏன் சிரிப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் என்னோடு ஆறாம் வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். சிலோன்காரி வாயைத் திறந்தால் வேடிக்கை பார்க்கத் திரும்பியவர்கள். ஆனால் உங்களில் பாதிப் பேர் பேரன் பேத்தி எடுத்துவிட்டீர்கள். அந்தப் பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்காவது, நாங்கள் உங்கள் ஊருக்கு வந்த அந்த முதல் ஆறு மாதத்தை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

இலங்கையிலிருந்து கடல் கடந்து, மண்டபம் அகதி முகாமில் சில நாள் இருந்து, பிறகு ஒரு லாரியில் எங்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம் மூடிக் கிடந்த சேகோ ஃபேக்டரி. ராசிபுரத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் இடையில், மெயின் ரோட்டை ஒட்டி இருந்ததே, அதுதான். மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்த இடம். ஆலை நின்று எத்தனையோ காலம் ஆகியிருந்தும் சுவரெல்லாம் புளித்த வாடை அடித்தது. மழை பெய்தால் அது எழுந்து வந்து சாப்பாட்டுத் தட்டில் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே சேலைகளைக் குறுக்கே கட்டி வீடுகளாகப் பிரித்தார்கள். எங்கள் வீட்டுச் சுவர்கள் இரண்டு: ஒன்று அம்மாவின் பச்சைச் சேலை, இன்னொன்று பக்கத்து வீட்டாரின் பூப்போட்ட போர்வை. அதற்கு அப்பால் யார் தும்மினாலும் எங்கள் வீட்டில் யாராவது பதிலுக்கு ஒன்று சொல்லுவார்கள்.

ஆனால் வெளியே ஒரு களம் இருந்தது. ஜவ்வரிசி காயப்போடுவதற்காகச் சிமெண்டு பூசிய பெரிய வெள்ளைக் களம். அவ்வளவு சமமான, அவ்வளவு அகலமான, யாருக்கும் வேலையில்லாத ஒரு தரையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஊரே எங்களைப் பார்க்க வந்தது. தேர் பார்க்க வருவதுபோல வந்தார்கள். பழைய துணி கொண்டுவந்தார்கள், அரிசி கொண்டுவந்தார்கள், ஒருவர் ஒரு சாக்கு முருங்கைக்காய் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்று பார்த்தார்கள். நாங்கள் துப்பாக்கி சுடத் தெரிந்தவர்கள் என்றும், எல்லாவற்றையும் தேங்காய்ப்பாலிலேயே வேகவைப்போம் என்றும் ஊரில் பேச்சு. இரண்டாவது பாதி உண்மை.

அப்பா வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கும்பிட்டார். கொடுத்தவரையும் கும்பிட்டார், வேடிக்கை பார்த்தவரையும் கும்பிட்டார். எங்களிடம், "சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது. நாங்கள் இருக்கிறது ஒருத்தருக்கும் தெரியாத மாதிரி இருக்கவேணும்" என்றார். அம்மா அப்படியில்லை. துணி கொண்டுவந்தவர்களையெல்லாம் உட்காரச் சொல்லி, பால் இல்லாத தேத்தண்ணீரைக் கிண்ணங்களில் ஊற்றி, கூடவே ஆளுக்கொரு துண்டு வெல்லம் வைத்தார். வாங்கிக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும் என்று செய்துகாட்டினார். கொடுக்க வந்தவர்கள் வாங்கிக் குடித்துவிட்டு, கொஞ்சம் குழம்பிப் போய்த் திரும்பினார்கள். 'சும்மா வாங்கினால் நாளைக்கும் சும்மாதான் வாங்கவேணும்' என்பது அம்மாவின் கணக்கு.

நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு நாக்கு வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, களத்துக்கு ஒன்று. அதற்குக் காரணம் கணக்கு வாத்தியார். ஒருநாள் அவர் என்னைத் திட்டிவிட்டார். நான் அழுவதைப் பார்த்து அடுத்த வகுப்பு வாத்தியார் விசாரித்தார். "சேர் பேசிப் போட்டார்" என்றேன். எங்கள் பக்கத்தில் சேர் என்றால் சார், பேசினார் என்றால் திட்டினார் என்று அர்த்தம். "பேசுனதுக்கு ஏம்மா அழுவற? வாத்தியாருன்னா பேசத்தானே செய்வாரு" என்று அவர் கேட்க, இப்படியும் ஒரு நியாயம் உண்டா என்று நான் இன்னும் பெரிதாக அழுதேன். அப்போது என் பக்கத்துப் பலகைக்காரி எழுந்து, "அவ ஊருல பேசுனா வெய்யறதுங்க சார். வெறுமனே பேசுனா அதுக்குப் பேரு கதைக்கறதுங்க" என்று மொழிபெயர்த்தாள். அன்றிலிருந்து அவள்தான் எனக்குத் துபாஷி.

பலகைக்காரியின் அம்மாதான் ஃபேக்டரிக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா. நல்ல உயரம், நல்ல குரல். தோட்டத்தில் நின்று மாட்டைக் கூப்பிட்டால் களத்தில் நாங்கள் திரும்பிப் பார்ப்போம். வீட்டுக்காரர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில், ஆழ்துளைக் கிணறு போடும் வேலையில், ராஜஸ்தான் பக்கம் இருந்தார். தீபாவளிக்கு வந்தால் உண்டு. தோட்டம், மாடு, பிள்ளை எல்லாம் இந்த அம்மா ஒருத்திதான். நாங்கள் வந்த வாரமே களத்திலிருந்து தன் கிணற்றுக்குப் போகும் தடத்தில் வேலாமுள்ளை வெட்டிப் போட்டார். மகளிடம், "கெழங்கப் புடுங்கீட்டுப் போயிருவாங்க. அந்தப் புள்ளைகூட ரொம்பச் சேராத" என்று சொன்னாராம். சொன்னதை மகள் மறுநாள் காலையில் என்னிடம் அப்படியே ஒப்பித்தாள். நாங்கள் இருவரும் அதை ஒரு செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

அப்பாவுக்கு ரோட்டோரத்து லேத் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. நேரத்துக்கு வரட்டும் என்று பட்டறைக்காரர் ஒரு பழைய சைக்கிளைக் கொடுத்தார். பார் வைத்த, மட்கார்டு இல்லாத ஆண்கள் சைக்கிள். அதைப் பார்த்த அன்று மாலை அம்மாவின் முகம் மாறிவிட்டது. ஊரில் அம்மா சைக்கிளில்தான் வேலைக்குப் போனவர். அங்கே பெண்கள் சைக்கிள் ஓட்டுவது தண்ணீர் குடிப்பது மாதிரி. வியாழக்கிழமைச் சந்தைக்கு மீன் வாங்கப் போகிறேன் என்று சேலையைச் சற்று ஏற்றிச் செருகினார், பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டார், போய்விட்டார். அப்பா, "வேண்டாம், ஆக்கள் பாப்பினம்" என்று சொல்லி முடிப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்.

ஆட்கள் பார்த்தார்கள். டீக்கடையில் கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றனவாம். ஒரு பெண்பிள்ளை சைக்கிளில் போவதை அந்த ரோடு அன்றுதான் பார்த்தது. சந்தையில் கடல் மீன் கிடைக்கவில்லை. அம்மா கருவாட்டோடு திரும்பினார். ஆனால் மறுநாள் ஊர் முழுக்க மணத்தது கருவாடு அல்ல, சைக்கிள்.

சில நாள் கழித்து ஒரு மாலை தோட்டத்துக்காரம்மா களத்துக்கு வந்தார். முள்ளைத் தானே ஓரமாகத் தள்ளிவிட்டு வந்தார். "ஆட்டுக்குட்டி ஒன்னு இந்தப் பக்கம் வந்துச்சுங்களா?" என்றார். வரவில்லை என்றோம். போகவில்லை. சுவரில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தபடி நின்றார். அடுத்த நாளும் ஆட்டைத் தேடி வந்தார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"ஏறிப் பாக்கிறியளோ அக்கா?" என்று கேட்டார்.

"நானா? என்னங்க நீங்க. நாலு பேரு சிரிப்பாங்க." சைக்கிள் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "கருக்கல்ல பாலக் கறந்து சொசைட்டிக்குத் தூக்கீட்டு ஓடறதுக்குள்ள பால் வண்டி போயிருதுங்க. பாதி நாளு பாலு திரும்பி ஊட்டுக்கே வருது. அதானுங்க பாத்தேன்" என்றார்.

பலகைக்காரியைத் தவிர நீங்கள் யாரும் அந்தப் பாடங்களைப் பார்க்கவில்லை. விடியும் முன்பே நடந்தவை. தோட்டத்துக்காரம்மா சீட்டில் உட்கார, அம்மா ஒரு பக்கம், பூப்போர்வை வீட்டு அக்கா ஒரு பக்கம் பிடிக்க, பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு நானும் பலகைக்காரியும் ஓடுவோம். அம்மா கத்துவார்: "உழக்குங்கோ அக்கா, உழக்குங்கோ, கெதியா உழக்குங்கோ."

தோட்டத்துக்காரம்மா காலைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டார். "ஏனுங்க, உழக்கு எதுக்குங்க இப்ப? பாலா அளக்கறோம்?"

எங்களுக்கு உழக்குவது என்றால் சைக்கிள் மிதிப்பது, கெதியா என்றால் வேகமாக. அவருக்கு உழக்கு என்றால் பால் அளக்கும் குவளை. பலகைக்காரி மூச்சு வாங்கிக்கொண்டே, "மிதிக்கச் சொல்றாங்கம்மா" என்று மொழிபெயர்த்தாள். அதற்கப்புறம் அந்த அம்மா மிதிக்கும்போதெல்லாம் தானே "உழக்கு, உழக்கு" என்று சொல்லிக்கொண்டு மிதித்தார். ஒருநாள் பிடித்திருந்த கைகள் எல்லாம் பின்தங்கிவிட்டன. அவர் தனியாகக் களத்தைச் சுற்றி வந்தார். முதல் வெளிச்சத்தில் அந்த வெள்ளைத் தரையில் அவருடைய நிழல் நீளமாகக் கூடவே ஓடியது. அவருக்கு ஓட்ட வந்துவிட்டது. இறங்கத்தான் வரவில்லை. நிறுத்தினால் விழுந்துவிடுவோம் என்று ஒரு பயம். அதனால் கருக்கலில் அதே சைக்கிளில் பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, அப்பா பட்டறைக்குக் கிளம்பும் முன் களத்துக்கே திரும்பி வருவார், அம்மா ஓடிப்போய்க் கேரியரைப் பிடித்து நிறுத்துவார், அவர் இறங்குவார். சொசைட்டி வாசலில் பால் ஊற்ற வந்தவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் பேச்சு தடித்தது. பழைய மணியகாரர், வேலை போயும் பேர் போகாமல் ஊருக்கு மணியகாரராகவே இருந்தவர், டீக்கடையில் உட்கார்ந்து, "வந்தவிங்க வந்த மாதிரி இருக்கோணும். நம்ம பொம்பளைங்கள ரோட்டுல எறக்கி உட்டுட்டாங்க. நாளைக்கு இன்னும் என்னென்ன கத்துக்குடுப்பாங்களோ" என்றார். தாசில்தாரிடம் போய் எங்களை வேறு மாவட்டத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுவிட்டும் வந்தார். இப்போது நினைத்தால் அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பக்கக் கிணறுகள் எல்லாம் வற்றிக்கொண்டு வந்த காலம் அது. இத்தனை பேருக்குத் தண்ணீர் எங்கே என்பதுதான் அவருடைய பயம். தண்ணீரைச் சொன்னால் கல்நெஞ்சன் என்பார்கள், சைக்கிளைச் சொன்னால் ஒழுக்கம் என்பார்கள். அவர் சைக்கிளைச் சொன்னார்.

அப்பா அன்றிரவு சைக்கிளைப் போர்வை போட்டு மூடி வைத்தார். "இனி இதை ஒருத்தரும் தொடக் கூடாது. இங்கையிருந்தும் துரத்தினால் எங்கை போறது?" என்றார். எனக்கும் பயம் வந்தது. எனக்கு உங்களையெல்லாம் பிடித்துப் போயிருந்தது. அம்மா போர்வையை எடுத்து மடித்தார். "அந்தப் பால் என்ன பாவம் செய்தது?" என்று மட்டும் கேட்டார்.

தாசில்தார் விசாரிக்க வந்த காலை நன்றாக நினைவிருக்கிறது. களத்தின் நடுவில் அவருக்கு ஒரு நாற்காலி. பக்கத்தில் மணியகாரர், பின்னால் டீக்கடை மொத்தமும். எதிரே நாங்கள் குடும்பம் குடும்பமாக வரிசையில். அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். மணியகாரர் எங்கள் குற்றங்களைச் சொல்லத் தொடங்கிய நேரத்தில், வாசலில் பால் போசிகள் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது.

தோட்டத்துக்காரம்மா சொசைட்டியிலிருந்து திரும்பி வந்தார். விசாரணை நடப்பது அவருக்குத் தெரியாது. இறங்குவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே இடம் அது, அதனால் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் திகைத்தார். ஆனால் நிறுத்த முடியாது. தாசில்தாரின் நாற்காலியைச் சுற்றிக் களத்தில் ஒரு வட்டம் போட்டார்.

தாசில்தார், "யாரும்மா நீ? இவங்க உன்னைக் கட்டாயப்படுத்தி இதெல்லாம் கத்துக்குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சாமி, நாந்தானுங்க," என்றபடி அந்த அம்மா களத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார். எல்லோரும் காத்திருந்தோம். திரும்பி வந்தார். "வந்து கேட்டனுங்க," என்று முடித்துவிட்டு மறுபடி போனார்.

"இறங்கிப் பேசும்மா."

அடுத்த சுற்றில் பதில் வந்தது: "எறங்கத் தெரியாதுங்க."

மணியகாரர் எழுந்தார். "ஏம்புள்ள, உன்ற ஊட்டுக்காரன் தீபாவளிக்கு வந்தா என்ன சொல்லுவ?"

"அவரு வரட்டுமுங்க," என்று போனவர், வளைந்து, சாய்ந்து, நிமிர்ந்து திரும்பி வந்து, "அதுக்குள்ள எறங்கக் கத்துக்கறனுங்க" என்றார்.

முதலில் சிரித்தது தாசில்தார். அதைப் பார்த்து டீக்கடை சிரித்தது. அந்த அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. சைக்கிள் தள்ளாடத் தொடங்கியது. அம்மா வரிசையின் கோடியில் மாட்டிக்கொண்டிருந்தார். அப்போது வரிசையை விட்டு ஓடியது அப்பா. இருக்கிறதே தெரியக் கூடாது என்ற அப்பா, தாசில்தாருக்கு முன்னால், செருப்புக் கழன்று விழ ஓடிப்போய்க் கேரியரைப் பிடித்தார். பிடித்தவரைச் சைக்கிள் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தார். நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

தாசில்தார் எழுந்து, "பால் நேரத்துக்குப் போகுதில்ல? அப்பறமென்ன" என்று மணியகாரரைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். எங்களை மாற்றவில்லை.

ஆனாலும் ஊர் ஒரு பாக்கியை வைத்திருந்தது. அவன் வரட்டும், அப்பறம் இருக்குது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டார்கள். அவன் என்றால் ரிக் வண்டிக்காரர். மனைவி ரோட்டில் சைக்கிள் ஓட்டுவதை எந்தப் புருஷன் பொறுப்பான் என்று எல்லோரும் தீபாவளிக்காகக் காத்திருந்தார்கள். பலகைக்காரியும் சற்றுக் கலங்கித்தான் இருந்தாள். "எங்கப்பா மீசை பெருசுடி" என்றாள். அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

தீபாவளிக்கு முந்தைய நாள் காலையில் அவர் பால் சொசைட்டி முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கினார். தலையில் தகரப் பெட்டி. எதிரே மனைவி, காலிப் போசிகளைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அங்கே நடந்ததைத் தோட்டத்துக்காரம்மாவே பிறகு எங்களுக்குச் சொன்னார். அவர் வெகு நேரம் சைக்கிளையே பார்த்தாராம். "ஆருதிது?" என்றாராம். "சிலோன்காரங்களுது." இன்னும் கொஞ்சம் பார்த்தாராம். "ஆளு ஏறுனாத் தாங்குமா?" என்றாராம்.

நாங்கள் பார்த்தது அதற்குப் பிறகு. பலகைக்காரியும் நானும் ஃபேக்டரி வாசலில் நின்றிருந்தோம். ரோட்டில் தோட்டத்துக்காரம்மா மிதித்து வருகிறார். கேரியரில் ஒருபக்கமாகக் கால் தொங்கப் போட்டு, மடியில் தகரப் பெட்டியை அணைத்துக்கொண்டு, அந்தப் பெரிய மீசை உட்கார்ந்து வருகிறது. "மெதுவாப் போ, குழி பாத்துப் போ" என்று சொல்லிக்கொண்டே வருகிறது. டீக்கடை மொத்தமாக எழுந்து நின்றது. மணியகாரரைப் பார்த்ததும் ரிக் வண்டிக்காரர் மரியாதைக்குக் கும்பிடக் கையைத் தூக்கினார். பெட்டி சரிந்து ரோட்டில் விழுந்து வாயைத் திறந்தது. சைக்கிளும் சாய்ந்து நிற்க, போசிகள் கழன்று உருண்டன.

உள்ளிருந்து துணி வந்தது. மஞ்சளில் சிவப்புப் புள்ளி போட்ட துணி. காற்று அடிக்க அது உருண்டு, அவிழ்ந்து, ரோட்டோடு போய்க்கொண்டே இருந்தது. ராசிபுரம் பஸ் ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. அம்மா ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனை மணியகாரரின் காலில் சுற்றிக்கொண்டது. அவர் குனிந்து எடுத்தார். இருவரும் ரோட்டின் இரண்டு கோடியில் துணியைப் பிடித்தபடி நின்றார்கள்.

மணியகாரர் சத்தமாகக் கேட்டார்: "ஏனுங்க, இது சீலைங்களா?"

அவர் எங்கள் வீட்டு ஆள் யாரையும் அதுவரை நேரே பார்த்துப் பேசியதில்லை.

"தெரியேல்லைங்க," என்றார் அம்மா. அந்த 'ங்க' அவர் வாயில் புதிதாக இருந்தது. "சீலையெண்டால் இவ்வளவு நீளம் வராதுங்க."

"தலப்பாங்க, தலைல கட்றது" என்று ரிக் வண்டிக்காரர் போசிகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "அங்க ஒரு ஊருல போர் கெணறு போட்டோம். மொதல்ல எங்கள ஊருக்குள்ளயே உடல. வண்டியிலயேதான் படுத்துக் கெடந்தோம். தண்ணி வந்ததும் எல்லாருமாச் சேந்து எனக்குக் கட்டி உட்டாங்க."

"இத்தனையுமா தலைல?" என்று பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கேட்டார்.

துணியை மடிக்க வேண்டியிருந்தது. அம்மா தன் முனையோடு இந்தப் பக்கமிருந்து நடந்தார். மணியகாரர் தன் முனையோடு அந்தப் பக்கமிருந்து நடந்தார். டீக்கடைக்காரர்களும் எங்கள் ஆட்களும் நடுவில் துணி மண்ணில் படாமல் தூக்கிக் கொடுத்தார்கள். முனைகள் சேர்ந்த இடத்தில் அவர் தன் பக்கத்தை அம்மாவின் கையில் வைத்தார். வைத்துவிட்டு உடனே போகவில்லை. தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்குதுங்க. ராசிபுரம் ஐஸ்கூலுக்கு நடந்தே போவுது. அத்தினி ஒசரமில்லீங்க. அதுக்குக் காலு எட்டுங்களா?"

அம்மா மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"விடியக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார். "எட்டுதோ இல்லையோ, ஏத்திப் பாத்தாத்தானேங்க தெரியும்."